கோடாக்ரோம் போனபின்: எக்டாக்ரோமா, வெல்வியாவா, ப்ரோவியாவா?

கலர் பிலிமில் படம் எடுக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் நின்றுபோன பிலிம்கள் பக்கம் போய்விடும். முதலில் வரும் பெயர் கோடாக் கம்பெனியின் கோடாக்ரோம் என்ற ஸ்லைடு பிலிம்தான். ஸ்லைடு என்றால் நெகட்டிவாக இல்லாமல் நேராக உண்மை நிறத்திலேயே வரும் பிலிம்; புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கலாம். 2009 ஜூனில் கோடாக் அதை நிறுத்துவதாக அறிவித்தது. கடைசிவரை அதைக் கழுவித் தந்தது அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருக்கும் ட்வெய்ன்ஸ் போட்டோ லேப். 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு அங்கும் கோடாக்ரோம் ரோல் வாங்கவில்லை.

அதற்குப் பதில் எதைப் போடுவது என்று கேட்டால் கோடாக்கின் எக்டாக்ரோம் ஈ100, ஃபியூஜியின் வெல்வியா 50, ப்ரோவியா 100எஃப் என்று மூன்று ஸ்லைடு பிலிம்களைச் சொல்வார்கள் (பெயரிலுள்ள எண் பிலிமின் ஒளி உணர்திறன், அதாவது ஐ.எஸ்.ஓ.). மூன்றும் நல்ல பிலிம்கள். ஆனால் கோடாக்ரோமில் நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

கோடாக்ரோம் ஏன் திரும்பி வராது

மற்ற கலர் பிலிம்களில் சாயத்தை உருவாக்கும் பொருள் பிலிமுக்குள்ளேயே இருக்கும். கோடாக்ரோமில் அது கிடையாது. மூன்று கறுப்பு-வெள்ளை அடுக்குகள்தான். கழுவும்போது மஞ்சள், மெஜந்தா, சயான் சாயங்களை ஒவ்வொன்றாகத் தனித்தனி டெவலப்பரில் ஏற்ற வேண்டும். கே-14 என்ற அந்த முறைக்குப் பெரிய இயந்திரமும், ரசாயனத்தைச் சோதித்துக்கொண்டே இருக்க ஆளும் தேவை. வீட்டுச் சமையலறையில் நடக்கிற காரியமில்லை. (இதைக் கண்டுபிடித்த லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கோடவ்ஸ்கி இருவரும் தொழில்முறை இசைக் கலைஞர்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.)

அந்தச் சிக்கலுக்குப் பலனும் இருந்தது. அடுக்குகள் மெலிதாக இருந்ததால் விளிம்புகள் கூர்மையாக வந்தன. இருட்டில் பத்திரமாக வைத்தால் சாயம் அசையாது; 1940-களின் ஸ்லைடுகள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் புரொஜெக்டரில் அடிக்கடி ஓட்டினால் ஃபியூஜியின் ஸ்லைடு பிலிமான ஃபியூஜிக்ரோமைவிடச் சீக்கிரம் வெளிறும். ஏக்கத்தில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

நிறம் என்று பார்த்தால், கனத்த சிவப்பு, அடர்ந்த நிழல், கொஞ்சம் அடக்கமான பச்சை. போட்டோகிராபர் ரகுபீர் சிங் கோடாக்ரோமில் எடுத்த இந்தியத் தெருப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எக்டாக்ரோம் ஈ100

கோடாக் 2012-ல் நிறுத்திய எக்டாக்ரோமை மீண்டும் கொண்டுவரப்போவதாக 2017 ஜனவரியில் அறிவித்தார்கள். 2018-ல் ஈ100 கடைக்கு வந்தது. அதே கம்பெனி, அதே 'க்ரோம்' என்பதால் கோடாக்ரோமின் வாரிசு என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் இரண்டும் கோடாக்கிலேயே பல காலம் அக்கம்பக்கமாக விற்ற தனித்தனிப் பொருள்கள்.

ஈ100 சுத்தமான, நடுநிலையான பிலிம். கிரெய்ன் (படத்தில் தெரியும் துகள்) கோடாக்ரோம் 64-ஐவிட நைஸாகவே இருக்கும்: கிரெய்னுக்குக் கோடாக் தரும் ஆர்.எம்.எஸ். அளவில் இது 8, அது 10; எண் குறைந்தால் துகள் நைஸ். மாநிறத் தோலை மிகைப்படுத்தாமல் காட்டும். மர நிழலில், மேகமூட்டத்தில் நீலம் தட்டும். நீலத்தைக் குறைக்கும் 81ஏ ஃபில்டர் ஒன்று லென்ஸில் போட்டால் சரியாகிவிடும். வெயிலில் மீட்டர் சொல்வதைவிட மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பதோ பாதியாவதோ) குறைத்து எடுத்தால் சிவப்பும் நிழலும் கனத்து, கோடாக்ரோம் இருந்த பக்கமாகக் கொஞ்சம் நகர்கிறது. மனிதர்களையும் தெருவையும் எடுக்க என் தேர்வு இதுதான்.

குறையும் உண்டு. உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும் ஒரே ஃபிரேமில் வந்தால் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தத் தொல்லை எல்லா ஸ்லைடுக்கும் பொதுதான். கோடாக்ரோம் இதில் இன்னும் மோசம்.

வெல்வியா 50

கோடாக்ரோமை விற்பனையில் வீழ்த்தியதில் 1990-ல் வந்த இந்தப் பிலிமுக்குப் பெரிய பங்கு உண்டு. மற்ற ஸ்லைடு பிலிம்களைக் கழுவும் வழக்கமான ஈ-6 முறை என்பதால் அன்றைக்கு ஊரிலிருந்த லேபிலேயே சில மணி நேரத்தில் ஸ்லைடு கைக்கு வந்தது. இயற்கைப் படக்காரர்கள் கூட்டமாக இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

வயல், காடு, மழைக்குப் பிந்தைய மலை என்றால் இதற்கு ஈடு இல்லை. முகங்களுக்கு ஆகாது; வெட்கப்படாதவர்களும் வெட்கப்பட்டதுபோல் சிவந்துபோவார்கள். 'கோடாக்ரோமின் அடர்த்தியான கலர் வேண்டும்' என்று கேட்பவர்கள் பலர் மனதில் வைத்திருப்பது உண்மையில் வெல்வியாவைத்தான். இதன் பக்கத்தில் வைத்தால் கோடாக்ரோம் 64 சாதுவான பிலிம். பலர் இதை ஐ.எஸ்.ஓ. 40 என்று வைத்தே எடுக்கிறார்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கு ஒத்துவராது: நான்கு விநாடியிலேயே எக்ஸ்போஷரைக் கூட்டும் திருத்தம் தொடங்கிவிடும், 64 விநாடி வேண்டாம் என்று ஃபியூஜியே சொல்கிறது.

ப்ரோவியா 100எஃப்

இரவுக் காட்சிக்கு இதை எடுங்கள். 128 விநாடிவரை எந்தத் திருத்தமும் வேண்டாம். மற்றபடி ஈ100 செய்வதையெல்லாம் செய்யும். ஆனால் ஃபியூஜி ஸ்லைடு பிலிம்கள் கடைக்கு ஒழுங்காக வருவதில்லை. கிடைக்கிறபோது வாங்கினால்தான் உண்டு.

நெகட்டிவ் போதும் என்றால்

ஈ-6 கழுவும் லேப் இந்தியாவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறை அந்த அளவுக்குச் சிரமமில்லை. ப்ரொஜெக்டரில் ஓட்டும் எண்ணமில்லை, ஸ்கேன்தான் வேண்டும் என்றால் கோடாக்கின் நெகட்டிவ் பிலிமான எக்டார் 100 போடலாம். நிறம் அடர்த்தி, கிரெய்ன் மிக நைஸ். எக்ஸ்போஷர் குறைந்தால் மட்டும் நிழல் நீலமாகிவிடும்.

நெகட்டிவ் பக்கத்தில் பலரும் தேடுவது ஃபியூஜி ப்ரோ 400எச். 2021 ஜனவரியில் அது நிறுத்தப்பட்டது. வழக்கமான மூன்றோடு நான்காவதாக ஒரு நிற உணர்வு அடுக்கு அதில் இருந்தது. அதற்கான மூலப்பொருள் கிடைப்பது கடினமாகிவிட்டது என்றார்கள். கல்யாண போட்டோகிராபர்களுக்கு அதன் வெளிர்பச்சை, மங்கிய ரோஸ் மேல் அப்படி ஒரு மோகம். அதில் பாதி, ஒன்றிரண்டு ஸ்டாப் கூட்டி எடுத்ததாலும் லேபில் இருந்த ஃபியூஜியின் ஃபிரான்டியர் ஸ்கேனராலும் வந்தது என்பேன். கோடாக்கின் நெகட்டிவ் பிலிமான போர்ட்ரா 400-ஐயும் அப்படிக் கூட்டி எடுத்து, ஸ்கேனில் மஞ்சளைக் குறைத்துப் பாருங்கள். தோல் நிறத்தில் போர்ட்ராதான் மேல். குழல்விளக்கு வெளிச்சத்தில் மட்டும் ப்ரோ 400எச் இல்லாத குறை தெரியும்.

அப்புறம், பழைய ரோலையே தேடிப்பிடித்து வாங்கும் வழி. காலாவதியான ப்ரோ 400எச், குளிர்பெட்டியில் இருந்ததென்று உறுதியாகத் தெரிந்தால் வாங்கலாம். கோடாக்ரோம் ரோலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இன்று லேபில் கொடுத்தால் அதைக் கறுப்பு-வெள்ளையாக மட்டுமே கழுவித் தருவார்கள். அந்தக் காசை ஒரு ஈ100 ரோலுக்கும் கழுவும் செலவுக்கும் வையுங்கள்.