ப்ளஸ் பவர் அதிகமா? லேசிக், ஐ.சி.எல்., லென்ஸ் மாற்றம் – எது தேறும்?

மைனஸ் பவருக்கு, லேசரால் கண்ணைச் சீவிப் பவரைத் திருத்தும் லேசிக் நேரான வேலை; கருவிழியின் (கண்ணின் முன்புறத் தெளிவான படலம், கார்னியா) நடுவைச் சீவித் தட்டையாக்கினால் போதும். ப்ளஸ் பவருக்கு நடுப்பகுதி மேடாக வேண்டும். அதனால் லேசர் ஓரத்தில் வளையமாகச் சீவுகிறது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. +6 வரை அனுமதித்திருக்கிறது; ஆனால் +4-ஐத் தாண்டினால் பல மருத்துவர்கள் தயங்குகிறார்கள். ஒரு டயாப்டர் (பவரின் அலகு) திருத்தத்துக்குக் கருவிழி வளைவு சுமார் 0.8 முதல் 1 டயாப்டர் வரை கூடும். வளைவு 44 இருக்கும் கண்ணில் +7 திருத்தினால் 50-ஐத் தொட்டுவிடும். அவ்வளவு செங்குத்தான கருவிழியில் கண் வறட்சி வரும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும், தெளிவும் குறையும். போதாததற்கு, சீவிய வளையத்தில் மேல்தோல் தடித்து, போன பவரில் கொஞ்சம் திரும்பி வரும். +7-க்கு லேசிக் பேக்கேஜ் பேசுகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இளவயதினருக்கு ஐ.சி.எல். நல்ல வழி, கண்ணில் இடமிருந்தால். இயற்கை லென்ஸ் அப்படியே இருக்க, ஐரிஸுக்கு (கண்ணின் நிற வளையம்) பின்னால் மெல்லிய லென்ஸ் ஒன்றை வைப்பார்கள். +10 வரை வருகிறது. முன்னறை, அதாவது கருவிழிக்கும் இயற்கை லென்ஸுக்கும் இடையிலான இடம், 3 மி.மீ. ஆழமாவது வேண்டும். ப்ளஸ் கண் பெரும்பாலும் குட்டைக் கண் என்பதால் பலர் இங்கேயே தகுதி இழந்துவிடுவார்கள். கண்ணுக்குள் நீர் ஓட மைனஸ் ஐ.சி.எல். நடுவில் உள்ள துளை ப்ளஸ் வகையில் இல்லை. ஐரிஸில் லேசரால் துளை போடாமல் விட்டால் கண் அழுத்தம் எகிறலாம்.

45 வயதைக் கடந்தவர்களுக்கு லென்ஸ் மாற்றமே நம் தேர்வு. இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைக்கும் கண்புரை அறுவை சிகிச்சைதான், புரை வருமுன்பே செய்வது. முன்னறையும் அகலமாகும், கண்ணின் நீர் வடியும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறும் கோண அடைப்பு கிளாக்கோமா பயம் குறையும். சிக்கல் லென்ஸ் பவர் கணக்கில் இருக்கிறது: முன்னிருந்து பின் வரை நீளம் 22 மி.மீ.க்குக் குறைவான கண்ணுக்கு 30 டயாப்டரைத் தாண்டிய லென்ஸ் தேவைப்படலாம். அது அரை மி.மீ. தள்ளி நின்றாலே ஒரு டயாப்டர் அளவுக்குத் தவறும். ஹாஃபர் கியூ, பாரெட் எனக் குறைந்தது இரண்டு சூத்திரங்களில் ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். நீளம் 20 மி.மீ.க்கும் கீழே என்றால் விழிக்குள் நீர் கோக்கும் ஆபத்து உண்டு. பெரிய மருத்துவமனைதான் சரி. இருபதுகளில் இதைச் செய்தால் கிட்டத்தில் குவிக்கும் திறன் அன்றோடு போய்விடும்.

எதற்கும் முன்னால், கண் தானாகக் குவிப்பதைத் தற்காலிகமாக நிறுத்தும் சைக்ளோபென்டோலேட் சொட்டு விட்டு பவர் பார்த்தார்களா? இளங்கண் தானே குவித்து ப்ளஸ்ஸில் ஒரு பங்கை மறைத்துவிடும். சோம்பேறிக் கண்ணா (சிறுவயதில் பார்வை சரியாக வளராத கண்) என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கண்ணாடி போட்டும் படிக்க முடியாத வரியை இந்த மூன்றில் எதுவும் படிக்க வைக்காது.