ஜூம் எச்1என் ரெக்கார்டர்: வீட்டுக் கூடத்துக்குப் போதும், லேத் பட்டறைக்குப் போதாது

பெங்களூரில் கம்பெனிகளுக்காக மக்களின் அன்றாடப் பழக்கங்களை நேரில் போய் ஆராயும் மானுடவியலாளருக்கு ஒரே துறை நிலைக்காது. ஒரு மாதம் ஆஸ்பத்திரி ஓபி வரிசை, அடுத்து வாஷிங் மெஷினுக்காக அல்சூர் வீடுகள், பிறகு பீனியாவில் லேத் பட்டறை. எல்லாவற்றுக்கும் ஒரே ரெக்கார்டர் தாங்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

போனில் பதிவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துபோகலாம். பல போன்கள் பின்னணிக் குரலையும் இரைச்சல் என்று அமுக்கிவிடும். "மெஷின்ல காலர் அழுக்கு போகாது" என்று மாமியார் நம்மிடம் சொல்ல, அடுக்களையிலிருந்து "போகும் அத்தை, நீங்கதான் திணிச்சுப் போடுறீங்க" என்று மருமகள் சொல்வாரே, ஆய்வுக்கு உயிரே அந்தக் குரல்தான். 1980களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் மானுடவியலாளர் லூசி சூச்மன் காப்பி மெஷின் முன் தடுமாறியவர்களை வீடியோ எடுத்துப் பார்த்தபோதும், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில்தான் விஷயம் இருந்தது.

ஜூம் கம்பெனியின் கையடக்க ரெக்கார்டரான எச்1என் அந்தக் குரலை விடாமல் பிடிக்கிறது. பெரிய ரெக்கார்ட் பட்டன் இருப்பதால் பேசுபவரின் முகத்தைப் பார்த்தபடியே பதியலாம். ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள். மிக்ஸி ஓடினால் லெவல் இறங்கி, அது நின்ற பிறகும் பேச்சு கொஞ்ச நேரம் மங்கலாகவே கேட்கும். உரக்கப் பேசும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி டயலைத் திருப்பினால் போதும். பிளாஸ்டிக் உடம்பு என்பதால் டீப்பாயில் டம்ளர் வைத்தால்கூட பதிவில் இடி மாதிரி கேட்கும். அடியில் துண்டை மடித்து வையுங்கள். இரண்டு ஏஏஏ பேட்டரியில் சுமார் 10 மணி நேரம் ஓடும். 16-பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் கோப்பு மணிக்கு 635 எம்பி ஆகும். கார்டு 32 ஜிபி வரைதான் ஏற்கும். எழுதி எடுக்கும்போது பாதி வேகத்தில் ஓட்டிக் கேட்கலாம். கன்னடமும் தமிழும் கலந்த பேச்சுக்கு இது பெரிய உதவி.

பட்டறையில் நிலைமை வேறு. லேத் சத்தத்தில் மைக் திணறாது, பேச்சுதான் மூழ்கிவிடும். காலர் மைக் கட்டாயம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது மைக்கைச் செருகும் பின்னைப் பாருங்கள்: மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது போனுக்கானது, இதில் ஒழுங்காக வேலை செய்யாது. இரண்டு வளையம் உள்ளதைக் கேளுங்கள். அதைச் செருகியதும் ரெக்கார்டரின் சொந்த மைக் நின்றுவிடும் என்பதால் பக்கத்து மேஸ்திரியின் பேச்சு போய்விடும். அதற்குக் குறிப்பேடுதான் வழி.

பெரிய குறை, கோப்புகளுக்குப் பூட்டு இல்லை. கார்டு தொலைந்தால் நோயாளி சொன்னதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே வாங்கி, அன்றிரவே கடவுச்சொல் போட்ட டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு கார்டை ஃபார்மேட் செய்துவிட வேண்டும்.

புதிதாக வாங்குபவர்கள் 2024இல் வந்த ஜூமின் எச்1எசென்ஷியலைப் பார்க்கலாம். மெல்லிய சத்தத்தையும் உரத்த சத்தத்தையும் ஒருசேரப் பிடிக்கும் 32-பிட் ஃப்ளோட் முறையில் பதிவதால் லெவல் வைக்கும் வேலையே இல்லை. எச்1என் ஏற்கெனவே கையில் இருந்தால் மாற்ற வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல காலர் மைக் வாங்குங்கள்.