கம்பெனி சர்வீஸா, நம்ம மெக்கானிக்கா? வாரண்டி முடிந்த குடும்பக் காருக்கு எது சரி

காரின் வாரண்டி முடியும் மாதம் வந்துவிட்டால் பல வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். இனிமேல் வண்டியைக் கம்பெனியிலேயே விடுவதா, வெளியே விடுவதா? "கம்பெனியில் பில்லைத் தீட்டிவிடுவார்கள், வெளியே விடுங்க" என்பார் கூட வேலை பார்ப்பவர். "வெளியே விட்டால் வண்டி போச்சு" என்பார் மச்சான். இரண்டு பேரும் பட்டுத் தெரிந்ததைத்தான் சொல்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் சாமானை எப்போது மாற்ற வேண்டும் என்று ஒருவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். கம்பெனியில் அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். வெளியே விட்டால் அந்தப் பொறுப்பு நம் தலையில் விழும். அதைச் சுமக்கத் தயாரானவர் வாரண்டிக்குப் பிறகு தாராளமாக வெளியே வரலாம். நேரமில்லை, ஆர்வமில்லை என்பவர் கூடுதல் பணம் போனாலும் கம்பெனியிலேயே இருப்பது நல்லது. நான் இங்கே பேசுவது ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10 மாதிரியான, கையால் கியர் போடும் பெட்ரோல் கார்களைப் பற்றி. ஆட்டோமேட்டிக், ஹைபிரிட், மின்சாரக் கார்களின் கதை வேறு. கடைசியில் அதற்கு வருகிறேன்.

முதலில் அட்டவணை

மாருதியோ ஹூண்டாயோ, இன்றைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றுக்கு 10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. நம் ஆட்கள் கிலோமீட்டரை மட்டும் பார்க்கிறார்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மார்க்கெட், ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று ஓடும் வண்டி வருடத்துக்கு நாலாயிரம் கி.மீ. தாண்டாது. "இன்னும் பத்தாயிரம் ஆகலையே" என்று இரண்டு வருடத்துக்கும் மேல் அதே ஆயிலில் ஓட்டுவார்கள்.

உண்மையில் அந்த வண்டிக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெடும். இரண்டு கி.மீ. ஓடி நிறுத்தினால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே கலந்து நிற்கும். வண்டியோடு வரும் கையேட்டில் 'கடுமையான பயன்பாடு' என்று தனியாக ஒரு பகுதி இருக்கும்; குறைந்த தூர ஓட்டம், தூசி, ஊர்ந்து போகும் டிராஃபிக் எல்லாம் அதில் வரும், இடைவெளியும் குறையும். சென்னை ஓஎம்ஆரில் தினமும் ஊர்கிற காரும், செம்மண் பாதையில் தோட்டத்துக்குப் போய்வரும் காரும் அந்தப் பகுதியில்தான் சேர்த்தி. கம்பெனியோ வெளியோ, அந்தப் பக்கத்தைப் படிக்காமல் எங்கே விட்டாலும் பாதிப் பலன்தான்.

கம்பெனியில் என்ன கிடைக்கிறது

முதல் சில ஆண்டுகளுக்கு இதில் யோசிக்கவே வேண்டாம். மாருதி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை 2 ஆண்டு, 40,000 கி.மீ. என்பதிலிருந்து 3 ஆண்டு, 1,00,000 கி.மீ. என்று உயர்த்தியது. நீட்டிப்பும் வாங்கிக்கொள்ளலாம். அதெல்லாம் செல்ல வேண்டுமென்றால் குறித்த காலத்தில் சர்வீஸ் நடந்ததற்குப் பதிவு வேண்டும்.

"வெளியே கை வைத்தாலே வாரண்டி ரத்து" என்று பயமுறுத்துவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள் என்பதுதான் முக்கியக் குற்றச்சாட்டு. வெளியே வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக்கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் கியர்பாக்ஸ் போய் வண்டி நிற்கும்போது இந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டரில் வாதாட யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் வாரண்டி இருக்கும்வரை கம்பெனியிலேயே விடுவதுதான் புத்திசாலித்தனம்.

கம்பெனியின் பலவீனம் பில்லில் தெரியும். ஜாப் கார்டு போடும்போதே அட்வைசர் எஸ்டிமேட்டை நீட்டுவார். ஆயில், ஆயில் ஃபில்டர், லேபர் என்று தொடங்கும். கீழே வர வர இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜின் டிரெஸ்ஸிங், ஏசி கிருமிநீக்கம், திராட்டில் பாடி கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங் என்று வால் நீளும். எல்லாமே வீண் என்று சொல்லமாட்டேன். ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றில் நிற்கிற காருக்கு அடிப்பாகப் பூச்சு அவசியம்தான். ஆனால் கையேட்டின் அட்டவணையில் இல்லாத எதையும் "ஏன், என்ன கோளாறு கண்டீர்கள்?" என்று கேட்காமல் ஒத்துக்கொள்ள வேண்டாம். அப்படிக் கேட்டாலே பில்லில் பாதி அயிட்டங்கள் அடிபட்டுவிடும். ஒவ்வொரு அயிட்டத்தின் மேலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறுகிறது. உதிரி பாகங்களுக்கு இருந்த 28 சதவீதம் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது கொஞ்சம் ஆறுதல்.

இன்னொரு குறை, வண்டியில் கை வைப்பவரை நாம் பார்ப்பதே இல்லை. போன முறை பார்த்தவர் இந்த முறை இருக்கமாட்டார். 'கீழே ஏதோ தட்டுது' என்று நாம் சொன்னது அட்வைசரின் டேப்லெட் வழியாக உள்ளே போய்ச் சேரும்போது 'சஸ்பென்ஷன் செக்' என்று சுருங்கியிருக்கும்.

மெக்கானிக் ஷெட்டில் என்ன கிடைக்கிறது

அதே சத்தத்துக்கு நல்ல மெக்கானிக் அண்ணன் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "அந்த ஸ்பீட் பிரேக்கரில் மெதுவா ஏத்துங்க" என்பார். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடிக்கச் சொல்லி இன்னொரு முறை ஏற்றச் சொல்வார். லிங்க் ராடா, மேல் மவுண்டா, லோயர் ஆர்ம் புஷ்ஷா என்று ஷெட்டுக்குத் திரும்புவதற்குள் சொல்லிவிடுவார். கம்பெனியில் லோயர் ஆர்ம் மொத்தமாக மாறும். இங்கே அதிலுள்ள ரப்பர் புஷ் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மட்டும் பிரஸ்ஸில் அடித்துக் கொடுப்பார். சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடை நம் கையிலேயே கொடுத்து, "இன்னும் இவ்வளவு இருக்கு, அடுத்த சர்வீஸில் மாத்திக்கலாம்" என்பார். வண்டியைப் பற்றி நமக்குப் புரிய வைப்பதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. லேபரும் குறைவு.

ஆனால் அட்டவணை என்று வரும்போது இங்கேதான் ஓட்டை விழுகிறது. கோளாறைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரரான பல மெக்கானிக்குகள், கோளாறு வராமல் இருக்கச் செய்யவேண்டிய வேலையில் அசட்டையாக இருக்கிறார்கள். மூன்று திரவங்களில் இதை நேராகப் பார்க்கலாம்.

முதலாவது இன்ஜின் ஆயில். புதிய சிறிய பெட்ரோல் இன்ஜின்களுக்கு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ஆயிலைக் கம்பெனி சொல்கிறது. ஷெட் டிரம்மில் இருப்பது பெரும்பாலும் 20டபிள்யூ-40 போன்ற கெட்டியான ரகம். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நிக்கும்" என்பது பழைய அம்பாசிடர் காலத்துப் பாடம். இன்றைய இன்ஜினில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பே ஆயில் அழுத்தத்தில் இயங்குகிறது. ஆயில் போகும் வழிகளும் இடைவெளிகளும் குறுகியவை. அதற்குக் கையேட்டில் உள்ள ரகம்தான் வேண்டும். ஆயிலையும் ஃபில்டரையும் நாமே பில்லோடு வாங்கிக்கொண்டு போவது நல்லது. மாருதிக்கு ஜென்யூன் பார்ட்ஸ், ஹூண்டாய்க்கு மோபிஸ் விநியோகக் கடைகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. சென்னை என்றால் உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இருக்கவே இருக்கிறது. கூடவே பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டுக்கு அடியில் வரும் சிறு வாஷரையும் வாங்கிவிடுங்கள். இறுக்கும்போது நசுங்கி அடைத்துக்கொள்ளும் வளையம் அது. பழையதையே திரும்பப் போட்டால் சில வண்டிகளில் மெதுவாகக் கசிய ஆரம்பிக்கும், பார்க்கிங்கில் ஆயில் பொட்டு விழும்.

இரண்டாவது கூலண்ட். நம் ஊரில் தண்ணீர் உறையப்போவதில்லை, பிறகு கூலண்ட் எதற்கு என்று ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. கூலண்ட் கொதிநிலையை உயர்த்துகிறது, அலுமினியத்தையும் இரும்பையும் அரிப்பிலிருந்து காக்கிறது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் குடத்தின் அடியில் படிவது போலவே ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் உப்பு படியும். மே மாத மதியத்தில் ஏசி போட்டுக்கொண்டு டிராஃபிக்கில் நிற்கும்போது இன்ஜின் சூடேறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது: பிரேக் ஆயில். அளவு குறைந்தால் கொஞ்சம் ஊற்றி மூடுவதோடு சரி, முழுதாக மாற்றுவதே இல்லை. இந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 தரம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடலாம். ஊருக்குள் ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போய் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்லும் கையேடுகள் பல. கம்பெனியில் அந்த முறை வரும்போது கம்ப்யூட்டரே எஸ்டிமேட்டில் காட்டும். ஷெட்டில் நாம் கேட்டால்தான் நடக்கும். கேளுங்கள், பக்கத்தில் நின்று நான்கு சக்கரத்திலும் பழைய ஆயில் வெளியேறுவதைப் பாருங்கள்.

இன்ஜினுக்குள் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயங்கவைப்பது டைமிங் பெல்ட் அல்லது செயின். பெல்ட் உள்ள வண்டிக்கும் இதே எச்சரிக்கை. செயின் என்றால் தேயும்போது பெரும்பாலும் சத்தம் போட்டுச் சொல்லும். பெல்ட் சொல்லாமல் அறுந்துவிடும். பழைய சான்ட்ரோ, டஸ்டர் டீசல் எல்லாம் பெல்ட் ரகம். ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். மெக்கானிக்கின் காது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இங்கே உதவாது, கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர்தான் உதவும். பழைய வண்டியை வாங்கியவர்கள் பெல்ட் எப்போது மாறியது என்று பில் இல்லாவிட்டால், மாறவில்லை என்றே எடுத்துக்கொண்டு மாற்றிவிடுவது நல்லது.

இரண்டுக்கும் நடுவே

பாஷ் கார் சர்வீஸ் போன்ற எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கும் இடங்கள் பெரிய ஊர்களில் உண்டு. ஜாப் கார்டு, ஸ்கேனர், பில் எல்லாம் இருக்கும். ஒரே போர்டு மாட்டிய இரண்டு கடைகளுக்கு நடுவே தரம் மலைக்கும் மடுவுக்கும் இருக்கலாம் என்பதால் போர்டை நம்பாமல் நடத்துபவரை விசாரித்துப் போக வேண்டும். டீசல் வண்டியின் இன்ஜெக்டர், பம்ப் வேலைக்கு மட்டும் சோதனை மேடை உள்ள டீசல் பம்ப் கடைதான் சரியான இடம்; சாதாரண ஷெட்டில் அதைத் திறக்கவே விடாதீர்கள்.

என் தேர்வு

வாரண்டியும் நீட்டிப்பும் முடியும்வரை கம்பெனி. அதற்குப் பிறகு ஆயில், ஃபில்டர், பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் நம்பிக்கையான ஒரே மெக்கானிக்கிடம், கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு. ஊர் ஊராக, ஷெட் ஷெட்டாக மாற்றிக்கொண்டே இருந்தால் மெக்கானிக்கிடம் போவதன் முதல் லாபமே போய்விடும். ஏர்பேக், ஏபிஎஸ் வேலை, சிவிடி அல்லது இரட்டை கிளட்ச் வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஹைபிரிட், மின்சாரக் கார் என்றால் எத்தனை வருடம் ஆனாலும் கம்பெனிதான் என் பதில். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற கேபிள்களில் பயிற்சி இல்லாதவர் கை வைப்பது உயிர் விஷயம்.

சர்வீஸ் மாதத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது செப்டம்பர். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் வைப்பர், பேட்டரி, பிரேக், டயர் நான்கும் ஒரே மூச்சில் பார்த்தாகிவிடும். டயர் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேட்டை ரப்பர் தொட்டுவிட்டால் 1.6 மி.மீ. தான் மிச்சம் என்று அர்த்தம். அந்த டயரோடு மழையில் நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது.

வெளியே விட ஆரம்பித்ததும் ஒரு ஃபைல் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், போட்ட ஆயிலின் ரகம், மாற்றிய சாமான், பில். நாளை விற்கும்போது கம்பெனிப் பதிவு இல்லாத குறையை இந்த ஃபைல்தான் ஓரளவு ஈடுகட்டும். அப்புறம், வெளியே போய்விட்டாலும் கம்பெனியோடு உறவை முழுதாக அறுத்துக்கொள்ள வேண்டாம். உற்பத்திக் குறைக்காக நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்போது அந்தப் பாகத்தை இலவசமாகவே மாற்றித் தருகிறார்கள். போன் நம்பர் மாறியிருந்தால் நமக்குத் தகவலே வராது. வருடத்துக்கு ஒரு முறை கம்பெனியின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.