அரியரா, பிசிஏவா, வேளச்சேரி கோர்ஸா? நாற்பது வயதில் ஐடிக்குத் திரும்பும் வழிகள்

2001இல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன், 2005இல் ஆறு அரியரோடு வெளியே வந்தேன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு மொட்டைமாடி அலுவலகத்தில் ஏழு வருடம் விபி6 (விஷுவல் பேசிக் 6) என்ற நிரல் மொழியில் பில்லிங் மென்பொருள் எழுதினேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் பல்லாவரத்தில் அவருடைய ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்தேன். ஹார்டுவேர் என்றால் கணினி இல்லை, ஆணி, தாழ்ப்பாள், பிவிசி பைப். கடையை மூடியபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. கையில் பட்டம் இல்லை. தெரிந்த மொழியோ 1998இல் வந்தது. அதில் நிரல் எழுதும் மென்பொருளுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008லேயே நிறுத்திவிட்டது.

இதே நிலையில் இருப்பவர்கள் சென்னையில் நிறைய. டீக்கடையில் பேசிப் பார்த்தால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். நான் விசாரித்த, நுழைந்த, பாதியில் திரும்பிய வழிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் பட்டத்துக்கான வழிகள். கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்காமல் விட்டவர் என்றால் அரியரை முடிப்பதுதான் ஆகக் குறைந்த செலவு. கால வரம்பு தாண்டிவிட்டதே என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு என்று அவ்வப்போது அறிவிக்கும். 2021இல் வந்த அறிவிப்பில் 2001-02 காலத்து ஆட்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வழக்கமான தேர்வுக் கட்டணத்துக்கு மேல் 5,000 ரூபாய் கூடுதல், அவ்வளவுதான். இதற்கு முந்தைய ஆண்டு, 2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டியிருந்த அரியர்காரர்கள் எல்லாம் பாஸ் என்று அரசு சொன்னதும், முதல்வருக்கு நன்றி சொல்லி பேனர் வைத்ததும், அதை உயர் நீதிமன்றம் ஏற்காமல் போனதும் தனிக்கதை. அந்த மாதிரி அதிர்ஷ்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டும். எம்-3, அதாவது மூன்றாவது கணிதப் பேப்பரின், புத்தகத்தை இருபது வருடம் கழித்துத் திறப்பது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்.

ஐந்தாறு அரியர் வரை என்றால் இந்த வழி. பதினைந்து, இருபது என்றால் பேசாமல் புதிதாகத் தொடங்குவதே மேல். அங்கே இரண்டு கதவு இருக்கிறது.

ஒன்று, ஐஐடி மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழி பிஎஸ் டேட்டா சயின்ஸ். ஜேஇஇ வேண்டாம், வயது வரம்பு இல்லை. நான்கு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வில் தேறினால் போதும். பாடங்களை வீட்டில் பார்க்கலாம், தேர்வை மையத்துக்குப் போய் எழுத வேண்டும். இடையில் நிறுத்தினாலும் அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமா, பிஎஸ்சி என்று ஏதோ ஒன்றோடு வெளியே வரலாம். குடும்ப வாழ்க்கையில் இருப்பவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இலகுவானது என்று நினைத்துச் சேராதீர்கள். அடிப்படை நிலையிலேயே கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு, பைதான் என்ற நிரல் மொழி. வாராவாரம் அசைன்மென்ட். முழுப் பட்டத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும், குடும்ப வருமானத்தைப் பொறுத்துச் சலுகை உண்டு.

இன்னொன்று இக்னோ என்ற மத்திய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பிசிஏ, அதாவது கணினிப் பயன்பாட்டில் இளநிலைப் பட்டம். மூன்று வருடப் படிப்பு, ஆறு வருடம் வரை இழுத்து முடிக்கலாம். செலவு மிகக் குறைவு. சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இதே ரகம். பாடத்தில் பாதி இன்றைய வேலைக்கு ஒட்டாது. ஆனால் விண்ணப்பத்தில் "பட்டம்" என்ற கட்டம் நிரம்பிவிடும்.

அந்தக் கட்டம்தான் விஷயம். சிறுசேரியிலும் தரமணியிலும் இருக்கும் பெரிய சேவை நிறுவனங்களின் விண்ணப்பத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் என்று சதவீதம் கேட்பார்கள். ஒன்று காலியாக இருந்தாலும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். திறமையைப் பார்க்கும் மனிதரிடம் அந்த விண்ணப்பம் போய்ச் சேராது. அதனால் பெரிய நிறுவனம்தான் குறி என்றால் பட்டம் வேண்டும். சின்ன நிறுவனம் என்றால் முதல் நாளே அதைத் தேட வேண்டியதில்லை. ஸோஹோ பட்டம் கேட்பதில்லை என்பார்கள், சரிதான். ஆனால் 2004இல் தொடங்கிய அவர்களுடைய பள்ளி, பிளஸ் டூ, டிப்ளமா முடித்த பிள்ளைகளுக்கானது. என் வயதில் அங்கே வரிசையில் நிற்க முடியாது.

அடுத்தது, எல்லோரும் முதலில் ஓடிப்போய்ச் சேரும் பயிற்சி மையம். வேளச்சேரி, தாம்பரம், வடபழனி என்று தெருவுக்கு நாலு. "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்." நானும் ஒன்றில் 48,000 கட்டினேன், அதுவும் தவணையில். ஃபுல் ஸ்டாக், அதாவது இணையதளத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் நிரல் எழுதுவது, என்றார்கள். சொல்லிக் கொடுத்தவர் நல்ல பையன், போன வருடம் அதே மையத்தில் படித்தவர். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடத்தைத்தான் ஸ்லைடு போட்டு வாசித்தார். மூன்றாவது மாதம் உண்மையான பிளேஸ்மென்ட் என்ன என்று தெரிந்தது: நான்கு வருட அனுபவம் இருப்பதாக ஒரு சான்றிதழ் போட்டுத் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணம். பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணை வைத்து பிஎஃப் பாஸ்புக்கைப் பார்த்தாலே எந்த வருடம் எங்கே இருந்தோம் என்று தெரிந்துவிடும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டி வெளியேறியவர்களைத் தெரியும். நான் அத்தோடு நிறுத்திக்கொண்டேன். தவணை மட்டும் நிற்கவில்லை.

ஒழுங்காகக் கற்க வேண்டும் என்றால் ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் இணையப் பாடத் தளமான என்பிடெல் இருக்கிறது. பாடம் இலவசம், தேர்வு எழுத 1,000 ரூபாய். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுப்ப ஆள் இருக்காது என்பதுதான் குறை. பயிற்சி மையத்தில் நாம் கொடுக்கும் பணமே அந்த எழுப்புதலுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாக. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் தரும் கிளவுட் பிராக்டிஷனர் 100 டாலர், மூன்று வருடம்தான் செல்லும். மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டிங் பக்கம் போகிறவர்களுக்கு ஐஎஸ்டிகியூபி என்ற அமைப்பின் அடிப்படைத் தேர்வு, 40 கேள்வி. ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு இவை ஊதிய உயர்வு பேச உதவும். வெளியே நிற்பவருக்குக் கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை.

கடைசி வழியை யாரும் எனக்குச் சொல்லவில்லை: பழைய வேலையே. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் பாரிமுனையிலும் விபி6இலும் அதே மாதிரிப் பழைய ஃபாக்ஸ்ப்ரோவிலும் எழுதிய பில்லிங் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் வரை யாரும் தொட மாட்டார்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது ஒட்டுப்போட்டார்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல், 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்றானதும் ஒட்டு போதவில்லை. பில் விவரத்தை ஜேசான் என்ற தரவு வடிவில் அரசுத் தளத்துக்கு அனுப்பி, ஐஆர்என் என்ற பில் பதிவு எண்ணையும் க்யூஆர் குறியீட்டையும் வாங்கி பில்லில் அச்சிட வேண்டும். ஐஐடியில் படித்த பையனுக்கு ஏபிஐ, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி, தெரியும், ஆனால் அந்தப் பழைய மென்பொருளைத் திறந்து பார்க்கப் பிடிக்காது. எனக்கு அதைத் திறந்தால் வீட்டுக்குப் போன மாதிரி. ஏபிஐ மட்டும் கற்க வேண்டியிருந்தது. பைதானில் அதற்கு இரண்டு மாதம் ஆனது. தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் எஸ்க்யூஎல் பெரிதாக மாறவே இல்லை. சரக்கு, கடன் பாக்கி, ரிட்டர்ன், வருட முடிவுக் கணக்கு எல்லாம் எனக்குக் கடையிலேயே பழக்கம்.

இதற்கும் குறை உண்டு. சம்பளம் குறைவு, நிச்சயம் இல்லை, பிஎஃப் கிடையாது. முதலாளி இரவு பத்து மணிக்கு "தம்பி, பில் வரலையே" என்பார். பத்து வருடம் தாங்கும் வேலை என்றும் சொல்ல முடியாது. ஆனால் முதல் மாதத்திலிருந்தே வீட்டுக்குப் பணம் வருகிறது. இந்தப் பழைய மென்பொருட்களை மைக்ரோசாஃப்டின் புதிய தளமான டாட்நெட்டுக்கு மாற்றும் வேலை அதே முதலாளிகளிடமிருந்தே வரும். அந்த வேலை முடியும்போது காட்டுவதற்குப் புதிய அனுபவம் இருக்கும், யுஏஎன்னோடு முரண்படாத அனுபவம்.

அதனால் என் ஓட்டு இதற்கு: பகலில் பழைய நிரல், இரவில் பட்டம். மையத்துக்குப் பணம் கட்டாதீர்கள். பழைய நிரல் எதுவும் எழுதியிராதவர், பட்டத்தைப் பாதியில் விட்டு வேறு துறையில் இருந்தவர் என்றால் என் வழி ஒத்துவராது. அவருக்கு ஐஐடி பிஎஸ்ஸின் டிப்ளமா வரை போவதுதான் நல்லது என்பேன்.

எனக்கு ஆறில் நான்கு முடிந்தது. எம்-3ம் இன்னொரு பேப்பரும் பாக்கி. வாரத்தில் மூன்று நாள் அம்பத்தூர், ஞாயிறு காலை ஃபூரியர் தொடர். பல்கலைக்கழக அறிவிப்புப் பக்கத்தைத் திங்கள்தோறும் திறந்து பார்க்கிறேன்.