வீட்டில் கார்டு செய்ய ஆண்டர்சன் தெரு சரிப்படுமா?

சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெரு என்றாலே கல்யாணப் பத்திரிகைதான் நினைவுக்கு வரும். பிறந்தநாளுக்கு நாலு கார்டு வீட்டிலேயே மடிக்க நினைப்பவருக்கும் அது தோதான இடம். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிறன்று போகாதீர்கள், பெரும்பாலும் ஷட்டர்தான் பார்க்கக் கிடைக்கும்.

முதலில் கவரை வாங்குங்கள், பிறகுதான் காகிதம். கார்டை ஆசையாகச் செய்துவிட்டு அந்த அளவுக்குக் கவர் தேடி அலைவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. 'சி6' என்று கேட்டால் 114 x 162 மி.மீ. கவர் தருவார்கள். அதற்குள் போகும் கார்டு மடித்தபின் 105 x 148, விரித்தால் 210 x 148. பல கடைகளில் கவரை உதிரியாகத் தரமாட்டார்கள், பாக்கெட்டாகத்தான். அது ஒரு குறைதான்.

காகிதத்தில் மினுமினுக்கும் மெட்டாலிக்கைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். கடை வெளிச்சத்தில் அழகாகத்தான் இருக்கும். மடித்த இடத்தில் மேல்பூச்சு உடைந்து வெள்ளைக் கோடு தெரியும். பளபள ஆர்ட் கார்டும் அப்படியே, போதாக்குறைக்குப் பேனா மையும் ஈஷும். தொடக்கத்துக்குப் பூச்சில்லாத 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) போர்டு போதும். 120 என்றால் கார்டு நிற்காமல் துவளும். 300-க்கு மேல் கையால் மடிப்பது சிரமம்.

காசு கொடுக்குமுன் தாளை இரு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாகச் சுருள்கிறதோ, மடிப்புக் கோடு அந்தச் சுருளின் நீளவாக்கில் விழ வேண்டும். காகித இழை ஓடுவது அந்தத் திசையில்தான். இழைக்குக் குறுக்கே மடித்தால் ஓரம் பிய்ந்து பிசிறடிக்கும். 20 x 30 அங்குலத் தாளில் இழை 30 அங்குலப் பக்கமாக ஓடினால் யோகம்: 210 மி.மீ.யை அகலவாக்கிலும் 148-ஐ நீளவாக்கிலும் வைத்தால் பத்து கார்டு, பத்திலும் மடிப்பு இழையோடு போகும். அங்கேயே வெட்டித் தருபவர்கள் உண்டு. முழுத் தாளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துவந்தால் அந்த வளைவு லேசில் போகாது.

மடிப்புக்குத் தனிக் கருவி வேண்டாம். 105 மி.மீ.யில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த ரீஃபிலால் இரண்டு முறை அழுத்திக் கோடு போடுங்கள். பள்ளம் விழுந்த பக்கம் கார்டின் வெளியே வரவேண்டும், புடைப்பு உள்ளே. பலரும் தலைகீழாக மடித்துவிட்டு காகிதத்தைக் குறை சொல்வார்கள். பிறகு ஸ்பூனின் முதுகால் ஒரு தேய்ப்பு.

திறந்ததும் படம் எழும்பி நிற்கவேண்டுமா? மூடிய கார்டில் மடிப்புப் பக்கத்திலிருந்து உள்நோக்கி, 2 செ.மீ. இடைவெளியில், 3 செ.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டு. வெட்டுகள் முடியும் இடத்திலும் ரீஃபிலால் கோடு போட்டு, நடுவிலுள்ள பட்டையை உள்ளே தள்ளினால் சின்னப் படிக்கட்டு. அதன் முன்முகத்தில் மட்டும் படத்தை ஒட்டவேண்டும். படத்தின் உயரம் 7 செ.மீ. தாண்டக் கூடாது: 3-ம் 7-ம் 10, கார்டின் அகலம் 10.5. தாண்டினால் மூடிய கார்டிலிருந்து பிள்ளையார் தும்பிக்கை எட்டிப் பார்க்கும். வெட்டின ஓட்டை வெளியே தெரியாமலிருக்க, முதுகில் இன்னொரு மடித்த தாளை ஒட்டுங்கள், படிக்கட்டின் பின்பக்கம் பசை படாமல். வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் தாள் அப்பளமாக நெளிந்துவிடும். டபுள் சைட் டேப்போ க்ளூ ஸ்டிக்கோ வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்து கார்டு வெட்டியதும் ஓரத்தில் 8.8 செ.மீ. அகலத்துக்கு நீளத் துண்டு ஒன்று மிஞ்சும். கடைக்காரர் கழிவில் தள்ளுமுன் கேட்டு வாங்குங்கள், 7 செ.மீ. படங்களெல்லாம் அதிலேயே முடிந்துவிடும்.