16 பிஎல்டிசி ஃபேன், கோவிலில் ஒரு வருடம்

எங்கள் சபை சேலம் ஜங்ஷன் பக்கம். சின்ன கிறிஸ்தவக் கோவில். ஏப்ரல், மே ஞாயிறுகளில் 16 ஃபேன் சுற்றினாலும் பாட்டிமார் பனையோலை விசிறியோடுதான் வருவார்கள். இதே கோவில் ஏற்காட்டில் இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே வேலை இல்லை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் ஸ்வெட்டர்தான் வேண்டும். நாங்கள் இருப்பது கீழே.

போன வருடம் ஜூனில், சுற்றுச்சூழல் ஞாயிறன்று, ஐயர், அதாவது எங்கள் போதகர், பைபிளில் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்தார். தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ தேவன் மனுஷனை வைத்த வசனம். அப்படியே மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு வந்தார். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ நிலக்கரி நம் மாவட்டத்திலேயே எரிகிறது, நாம் காலி பெஞ்சுக்குக் காற்று வீசுகிறோம் என்றார். ஆராதனை முடிவதற்குள் மூன்று குடும்பங்கள் ஃபேன் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டன. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் விலை பேசி, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி வகையில், ஒன்று 2,900 ரூபாய் என்று 16 வாங்கினோம். நான் சபைப் பொருளாளர். முப்பது வருடம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள், அதனால் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஃபேனைப் பற்றி. சத்தம் மிகக் குறைவு. பழையவை சுற்றும்போது மைக்கில் ஒரு ‘உய்ய்’ எப்போதும் கேட்கும், அது போயே போய்விட்டது. வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் இறங்குவதில்லை. காற்று பழைய ஃபேன் அளவுக்கு இருக்கிறது, கூடுதல் என்று சொல்ல மாட்டேன். பழைய ஃபேனை மூன்று மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு நடுப்பகுதியைத் தொட்டால் சுடும். அந்தச் சூடு முழுக்க வீணான மின்சாரம்தான். இதில் சுழலும் பாகத்தில் காந்தம் இருப்பதால் அந்த வீண் குறைவு. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம், பார்த்து வாங்கலாம்.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் விளக்கு, ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் கைக்கடிகாரத்தோடு நின்றேன். எங்கள் மீட்டரில் சிவப்பு விளக்கு 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். பழைய 16 ஃபேனுக்கு நிமிடத்துக்கு 64 சிமிட்டல். புதியவற்றுக்கு 26. அதாவது ஒன்று 75 வாட்டிலிருந்து 30 வாட்டுக்கு வந்துவிட்டது. பெட்டியில் போட்டிருந்தது பொய்யில்லை.

தொல்லை ரிமோட்டில். ஒரே மாடல் என்பதால் ஒன்றை அமுக்கினால் எதிரே இருக்கும் நாலும் கேட்கும். பாட்டி ஒருவர் குளிருது என்றார் என்று கோவில் வேலைகளைப் பார்க்கும் கோயில் பிள்ளை ஒரு ஃபேனைக் குறைக்கப் போக, பிரசங்கத்தின் நடுவில் பாடகர் குழு முழுக்க வியர்த்தது. இன்னொன்று, இது எலக்ட்ரீஷியன் செய்த வேலை. சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. “இருக்கட்டுங்கம்மா, ஒண்ணும் ஆகாதுங்க” என்றார். இரண்டாம் மாதமே ஒரு ஃபேனில் மின்னணுப் பலகை போனது. உத்தரவாதத்தில் மாற்றித் தந்தார்கள், ஆனால் சர்வீஸ் ஆள் வர 23 நாள் ஆனது.

இதெல்லாம் சின்ன விஷயம். பில் வந்ததும்தான் எனக்கு உறைத்தது. ஞாயிறு ஆராதனை, புதன் ஜெபம், வெள்ளி உபவாச ஜெபம், பாட்டுப் பயிற்சி எல்லாம் சேர்த்து வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஃபேன் ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு 16 ஃபேனும் சேர்ந்து மிச்சம் பிடித்தது 49 யூனிட். 46,400 ரூபாய் போட்டு! பக்கத்துக் காம்பவுண்டில் பையன்கள் போர்டிங் இருக்கிறது. அங்கே ஃபேன் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடும். அங்கே மாட்டினால் ஒரே ஒரு ஃபேன் இரண்டு மாதத்தில் 38 யூனிட் மிச்சம் பிடிக்கும். இரண்டு மாட்டினாலே கோவிலின் மொத்தக் கணக்கைத் தாண்டிவிடும். ஃபேன் நல்ல ஃபேன், நாங்கள் மாட்டிய இடம்தான் தப்பு.

கமிட்டியில் சொன்னேன்: புதியவற்றைப் போர்டிங்குக்குக் கொடுத்துவிட்டு அங்கிருக்கும் பழையதை இங்கே மாட்டலாம். ஒரே அமைதி. காரணம், ஒவ்வொரு இறக்கையிலும் ‘இன்னார் குடும்பத்தார் அன்பளிப்பு’ என்று சிவப்பு பெயின்டில் எழுதியிருக்கிறது. போர்டிங்கில் யார் பார்ப்பார்கள்? இங்கே மட்டும் யார் பார்க்கிறார்கள், சுற்றும்போது படிக்க முடியாது, நிறுத்தினால்தான் தெரியும் என்று நான் வாயைத் திறந்தது தப்பு. ஒரு அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அப்புறம் ஐயர்தான் யோவான் ஆறாம் அதிகாரத்தை வாசித்தார். ஐயாயிரம் பேருக்கு அப்பத்தைப் பெருக்கித் தந்தவரே ‘ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு’ மீதித் துணிக்கைகளைச் சேர்க்கச் சொல்கிற இடம். இரண்டு குடும்பங்கள் சரி என்றன.

பத்து ஃபேன் போர்டிங்குக்குப் போய்விட்டது. ஆறு கோவிலிலேயே இருக்கிறது, அந்த அண்ணன் வீட்டுப் பெயரோடு. போர்டிங்கில் முதல் வாரமே பையன்கள் ரிமோட்டை ஒளித்து வைத்து வார்டனைத் திண்டாட விட்டார்கள்; இப்போது ரிமோட்டை நைலான் கயிற்றில் கட்டி அறைக் கதவில் தொங்கவிட்டிருக்கிறோம். வாங்குகிறவர்கள் கயிற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.