ரயில் வந்த வருடத்தைத் திருத்தினார்கள், அம்மா சொன்னதைத் திருத்தவில்லை: ஒரு இணைய ஆவணத் தொகுப்போடு ஐந்து வருடம்

போன வாரம் இடைவேளையில் எங்கள் பாடசாலை டீச்சர் ஒருவர் கேட்டார்: "சேர், மகள் ஆய்வுக் கட்டுரைக்கு மலையகத் தோட்டங்களை எடுத்திருக்கிறாள். நீங்கள் இணையத்தில் பார்ப்பீர்களே, அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகத்துத் தொகுப்பு, அது அவளுக்குப் பிரயோசனப்படுமா?" பதில் சொல்லத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதிலும் அல்ல அது.

நூலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். பழைய புகைப்பட அல்பங்கள், நில அளவை வரைபடங்கள், தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் எழுதிய நாட்குறிப்புகள், தோட்ட விபரத் திரட்டுகள் என்று இலங்கை பற்றி மட்டும் நிறைய ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். காசு இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. 2020 ஊரடங்கில் பாடசாலை மூடிக் கிடந்தபோது போனில் பார்க்கத் தொடங்கினேன். இப்போது மடிக்கணினியில் பார்க்கிறேன். பார்க்காத வாரம் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். படங்களைப் பெருப்பிக்கும் வசதிக்கு நிகராக நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒவ்வொரு படத்தையும் சிறு சிறு சதுரங்களாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நாம் எந்த மூலையைப் பார்க்கிறோமோ அந்தச் சதுரம் மட்டும் இறங்கும். அதனால் அம்மா இருக்கும் தோட்டத்தில், சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்திலும் படம் திறக்கிறது. முதலில் மங்கலாக நிற்கும், பிறகு ஒவ்வொரு சதுரமாகத் தெளியும். ஒரு பெண்ணின் காதுத் துளை எவ்வளவு இழுபட்டிருக்கிறது, கூடைக் கயிறு எந்த இடத்தில் நைந்திருக்கிறது என்பது வரை தெரியும்.

இனிக் கோபம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஒரு படம் காட்டினேன். நாற்பது பேர் வரை நிற்கும் பெரிய படம். பின்னால் தேயிலை மலை, முன்னால் கோட்டுப் போட்ட ஒருவர் கையில் புத்தகம். கீழே ஆங்கிலத்தில் இருந்த குறிப்பை வாசித்துச் சொன்னேன்: தமிழ்க் கூலிகள், கொழுந்து நிறுத்தல், அதாவது எடை போடுதல். துரையின் பெயர் இருந்தது. வேறு ஒருவருடைய பெயரும் இல்லை.

அம்மா முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார். "யார் சொன்னது நிறுக்கிறதுன்னு? தராசு எங்க? சாக்கு எங்க? கூடையெல்லாம் காலியாக் கெடக்கு. தலையில கம்பளி போட்டிருக்காளுங்க, காலங்காத்தாலக் குளிரு. இது பெரட்டுக்களம் தம்பி. கணக்கப்பிள்ளை பேர் போடுறாரு." பெரட்டுக்களம் என்றால் காலையில் வேலைக்குப் போகுமுன் பேர் பதிய எல்லாரும் கூடும் இடம்.

சொல்லிவிட்டு இடப்பக்க ஓரத்தில் விரலை வைத்தார். நான் அதுவரை கவனிக்காத ஒரு பெண், பதினேழு பதினெட்டு வயதிருக்கும். "இவ புள்ளத்தாச்சி. படங்க வயித்துக்குக் கீழ எறக்கிக் கட்டியிருக்கா பாரு. அஞ்சு மாசம் தாண்டியிருக்கும். இப்பிடித்தான் நானும் கட்டினேன், ஒன்ன சுமந்தப்ப." படங்கு என்பது கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் முரட்டுத் துணி.

அன்றிரவே நூலகத்துக்கு எழுதினேன். படத்தின் கீழ் 'பிழை கண்டால் அறிவியுங்கள்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அம்மா சொன்னது ஒவ்வொன்றையும் காரணத்தோடு ஆங்கிலத்தில் போட்டேன். ஏழு மாதம் கழித்து மரியாதையான பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, ஆவணச் சான்று ஏதும் இருந்தால் அனுப்பவும் என்று.

இதே நூலகத்துக்கு அதற்கு முன்னும் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறேன். ஹட்டன் ரயில் நிலையப் படம் ஒன்றுக்கு 1880 என்று போட்டிருந்தார்கள். ஹட்டனுக்கு ரயில் வந்ததே 1884-இல், நானுஓயாவுக்கு 1885-இல். பாதை போடாத ஊரில் நிலையம் எப்படி வரும் என்று எழுதினேன். இரண்டு கிழமைக்குள் திருத்தினார்கள். ரயில் வந்த வருடத்துக்கு அச்சடித்த தாள் இருக்கிறது. பெரட்டுக்களம் எப்படி இருக்கும் என்பதற்கு என் அம்மாவின் முப்பத்தெட்டு வருடம் இருக்கிறது. முதலாவது சான்று, இரண்டாவது சான்று இல்லை. இதை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஊரார் சொல்வதையெல்லாம் நம்பி மாற்றினால் பட்டியல் குழம்பிவிடும். மூலக் குறிப்பை அழிக்கும்படி நானும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு வரி சேர்க்கலாமே. 'கூலி' என்ற சொல்லுக்கு, அது அந்தக் காலத்து வழக்கு, புண்படுத்தக்கூடும் என்று தளத்தின் முகப்பில் ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறார்களே. அதற்கு இடம் இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் தளத்தைப் புதிதாக மாற்றினார்கள். நான் சேமித்து வைத்திருந்த இணைப்புகள் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. ஒவ்வொரு படத்தின் இருப்பு எண்ணையும் சீஆர் கொப்பியில் (தடித்த அட்டைக் குறிப்பேட்டில்) கையால் எழுதி வைத்திருந்ததால் தப்பினேன். இணைப்பு மாறும், நூலகத்தில் படம் இருக்கும் பெட்டியில் எழுதிய எண் மாறாது. டீச்சரின் மகளும் முதல் நாளிலேயே கொப்பி போட வேண்டும். அந்த எண்ணைக் கொண்டு அம்மாவின் படத்தைத் தேடி எடுத்தேன். புதிய தளத்தில் இன்னும் அழகாகத் திறந்தது. கீழே அதே குறிப்பு: கொழுந்து நிறுத்தல்.

தேடல் பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழில் தட்டினால் ஒன்றும் வராது. ஆங்கிலத்திலும் வெள்ளைக்காரர் அன்று எழுதியபடி தட்டினால்தான் வரும். நுவரெலியாவை 'நியூவெரா எல்லியா' என்று எழுதிப் பார்க்க வேண்டும். டிக்கோயாவுக்கு நடுவில் ஒரு 'சி' கூடப் போட வேண்டும். தொழிலாளரை மேய்த்த கங்காணியை 'கே'யில் தொடங்கினால் ஒரு கூட்டம் வரும், 'சி'யில் தொடங்கினால் இன்னொரு கூட்டம். 'தமிழர்' என்று தேடி வராவிட்டால் 'மலபார்' என்று தேடுங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆவணங்களில் நம்மவருக்கு அந்தப் பெயர்தான். 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எண்ணத் தொடங்கியது 1911 குடிசன மதிப்பீட்டில். அதற்கு முந்திய தாள்களில் அந்தச் சொல்லைத் தேடி நான் ஒரு விடுமுறை முழுவதையும் கழித்தேன்.

அந்தக் காலத்துத் தோட்ட விபரத் திரட்டான பெர்குசன் டிரெக்டரியும் அங்கே இருக்கிறது. எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர், யார் சொந்தக்காரர், யார் துரை என்று வருடவாரியாகத் தேடலாம். 1869-இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டதற்குப் பிறகு வந்த பதிப்புகளை அடுத்தடுத்துப் புரட்டினால், கோப்பி ஏக்கர் சுருங்கித் தேயிலை ஏக்கர் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஆண்டு பதினொன்று பிள்ளைகளுக்கு இதைக் காட்டித்தான் பாடம் நடத்துகிறேன், வாய் திறந்து பார்க்கிறார்கள். அந்த ஏக்கரையெல்லாம் வெட்டி நட்டவர்களின் பெயர் மட்டும் அதில் எங்கும் இல்லை.

தெளிவான பிரதி வேண்டுமென்றால் இங்கிலாந்துப் பவுணில் காசு கட்ட வேண்டும். 2023-இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு வருடமானதை நினைவுகூரும் 'மலையகம் 200' நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் போன நேரத்தில், பாடசாலையில் ஒரு கண்காட்சி வைத்தோம். அதற்குக் கேட்டேன், விலையைப் பார்த்து விட்டுவிட்டேன். திரையில் தெரிந்ததை அப்படியே எடுத்து அச்சடித்தோம், போதுமாக இருந்தது.

ஆகவே டீச்சருக்கு என் பதில்: மகளை இங்கே தொடங்க விட வேண்டாம். 2005-இலிருந்து இயங்கும், 'நூலகம்' என்றே பெயர் கொண்ட இலங்கைத் தமிழ் இணையத்தளத்துக்கு முதலில் போகட்டும், மலையகத்தார் எழுதிய புத்தகங்களும் சஞ்சிகைகளும் அங்கே தமிழில் தட்டினாலே வரும். பிறகு பேராதனைக்கு பஸ் ஏறி, பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து தாள்களைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும். அதற்கும் பிறகு தோட்டத்தில் வயதான நான்கு பேரிடம் உட்கார்ந்து கேட்கட்டும். நான் சொல்லும் இந்தத் தொகுப்பை இன்றைய நிலையில் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பெயர் இல்லாமல், பிழையான குறிப்போடு நம்மை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் ஒரு இருபது வயதுப் பிள்ளை தன் படிப்பைத் தொடங்கக் கூடாது.

அம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி குடித்து முடித்ததும் "அந்தப் புள்ளையக் காட்டு தம்பி" என்பார். நானும் கொப்பியில் எண்ணைப் பார்த்துத் திறப்பேன். இடப்பக்க ஓரத்தைப் பெருப்பிப்பேன். சதுரம் சதுரமாகத் தெளிந்து அவள் முகம் வரும்வரை இருவரும் பேசாமல் இருப்போம். போன கிழமை அம்மா அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார். அதையும் எழுதி நூலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.